சயான் குன்றிலிருந்து செம்பூர்ப் படிகள் வரை

தமிழ்நாட்டிலிருந்து மும்பைக்கு வருகிறவர்களை முதல் இரண்டு நாள் கேட்வே, மரைன் டிரைவ், எலிபெண்டா, ஹாஜி அலி என்று இழுத்துக்கொண்டு போவது வழக்கம். மூன்றாம் நாள் தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ இருக்கிற சித்தப்பா வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, கோயிலில் கும்பிட்டு, குர்லா டெர்மினஸில் ரயிலேறிவிடுவார்கள். சொந்தக்காரர் குடியிருக்கும் இடத்தில் பார்க்க என்ன இருக்கப்போகிறது என்ற நினைப்புதான். இந்த அத்தியாயம் அந்த மூன்றாம் நாளுக்காக எழுதப்பட்டது. முடிந்தால் இரண்டு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மலை இருக்கிறது, கோட்டைகள் இருக்கின்றன, கழிமுகம் இருக்கிறது, குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் பூநாரைகள் இருக்கின்றன. நடக்கத் தயாரான கால் இருந்தால் போதும்.

முதலில் கொஞ்சம் நிலவரலாறு. அது தெரியாவிட்டால் கோட்டை ஏன் இங்கே நிற்கிறது என்பதே விளங்காது. 1661-இல் திருமணச் சீராக இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்குப் போர்ச்சுகல் கொடுத்தது பம்பாய். அவர் அதை 1668-இல் ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். அப்போது பம்பாய் என்பது ஏழு தீவுகள். அவற்றில் பரேல் தீவின் வடக்கு முனைதான் இன்றைய சயானும் மாட்டுங்காவும். அதற்கு வடக்கே ஓடையும் சதுப்பும் கிடந்தன. அவற்றைத் தாண்டினால் சால்செட் தீவு. அது போர்த்துகீசியர் கையிலேயே இருந்தது. செம்பூரோ டிராம்பே என்ற தனித் தீவின் வடமேற்கு மூலை. ஆக, இன்று ஊரின் நட்டநடுவில் இருப்பதாகத் தோன்றும் இந்தப் பகுதி 17-ஆம் நூற்றாண்டில் எல்லைக்கோடு. ஓரம் என்பதால் கோட்டை வந்தது. பின்னாளில் நகரத்துக்கு நடுவில் வேண்டாம் என்று தள்ளப்பட்டவை எல்லாம் இதே ஓரத்துக்கு வந்து சேர்ந்தன: தோல் பதனிடும் கூடங்கள், குயவர் சூளைகள், குப்பை மேடு, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், பிழைப்புத் தேடி வந்த நெல்லைச் சீமை மக்கள். சதுப்பாகவும் மேடாகவும் யாரும் கண்ணெடுத்துப் பார்க்காத நிலமாகவும் கிடந்ததால்தான் கொஞ்சம் திறந்தவெளியும் இங்கே தப்பிப் பிழைத்தது.

போக்குவரத்து

லோக்கல் ரயில்தான் இந்தப் பகுதிக்குச் சரியான வாகனம். சயானும் மாட்டுங்காவும் மத்திய ரயில்வே தடத்தில் அடுத்தடுத்த நிலையங்கள். மாட்டுங்கா ரோடு, மாகிம் இரண்டும் மேற்குத் தடம். கிங்ஸ் சர்க்கிள், செம்பூர், திலக் நகர் ஆகியவை ஹார்பர் தடம். மாட்டுங்காவும் மாட்டுங்கா ரோடும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே நல்ல நடை இருக்கிறது. ஊருக்குப் புதியவர்கள் தவறாமல் தவறும் இடம் இது. நிலத்தடி மெட்ரோ 3-ஆம் தடத்தில் தாராவி நிலையம் 2025 மே மாதம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் தடம் முழுவதும் ஓடத் தொடங்கியதால், ஆரேயிலிருந்தும் கஃப் பரேடிலிருந்தும் நேரே வந்து இறங்கலாம்.

வார நாட்களில் காலை எட்டரை முதல் பதினொன்று வரையும் மாலை ஐந்து முதல் எட்டு வரையும் பெட்டிப் படுக்கையுடன் லோக்கலில் ஏறும் யோசனை வேண்டாம். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை போகலாமே என்பீர்கள். அன்றைக்கு ‘மெகா பிளாக்’ என்று பராமரிப்புக்காகப் பகலில் சில தடங்களை மணிக்கணக்கில் நிறுத்திவைப்பார்கள். ஹார்பர் தடம் அடிக்கடி இதில் மாட்டும். சனிக்கிழமைச் செய்தித்தாளில் அறிவிப்பு வந்துவிடும், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஆட்டோ சயான், மாகிம் எல்லையோடு சரி. மாட்டுங்காவுக்குள் டாக்சிதான். செம்பூரில் ஆட்டோ தாராளம். வடாலாவிலிருந்து செம்பூருக்கு 2014-இல் தொடங்கிய மோனோரயில் 2025 செப்டம்பரில் சீரமைப்புக்காக நிறுத்தப்பட்டது. மறுபடி ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுத் திட்டமிடுங்கள். சயான் நிலையத்தை ஒட்டிய பழைய சாலை மேம்பாலமும் 2024 ஆகஸ்டில் இடித்துக் கட்டுவதற்காக மூடப்பட்டது. பழைய வரைபடத்தை நம்பி டாக்சிக்காரரிடம் வழி சொல்லாதீர்கள், அவருக்கே தெரியும்.

சயான் கோட்டை

நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் ஜவாஹர்லால் நேரு பூங்கா. அதன் பின்னால் கூம்பு போல எழும் சிறு குன்றின் தலையில் கோட்டை. ஜெரால்ட் ஆன்ஜியர் பம்பாய் ஆளுநராக இருந்த 1669-1677 காலத்தில் கட்டியது. அந்தக் காலத்து எல்லைக் காவல் அரண் இது. மன்னர் வாழ்ந்த இடமில்லை, அந்தப்புரம் தேடாதீர்கள். இடிந்த மதில், கூரையில்லாத அறைகள், கல் படிகள், துருவேறிய பீரங்கி என்று சில மிச்சங்கள்தான். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அத்துறையின் மும்பை வட்ட அலுவலகமே குன்றின் அடிவாரத்தில்தான் உள்ளது. இருந்தும் சுவரில் காதலர் பெயர்கள் பெருகியபடியே இருக்கின்றன. எடின்பரோ கோட்டைக்கு டிக்கெட் எடுத்து வரிசையில் நிற்கிறார்கள். இங்கே சும்மாவே ஏறலாம், கூட்டமில்லை. எந்த ஏற்பாடு நல்லது என்று சுவர்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஏறுவதற்குக் கால் மணி நேரம் ஆகும். முழங்கால் வலி உள்ளவர்கள்கூட நின்று நின்று ஏறிவிடலாம். மேலே நின்று கிழக்கே பாருங்கள். உப்பளங்கள், அவற்றுக்கு அப்பால் செம்பூர், அதற்கும் பின்னால் சுமார் 300 மீட்டர் உயர டிராம்பே மலை, அதன் காலடியில் மாகுல் ஆலைகளின் புகைபோக்கிகள். மேற்கே திரும்பினால் தாராவியின் தகரக் கூரைகள், நீலத் தார்ப்பாய்கள், அவற்றுக்குப் பின்னால் பாந்த்ரா-குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள். இரண்டுக்கும் நடுவே மித்தி ஆறு. கோட்டை கட்டியவர்களுக்கு இந்த இடம் ஏன் வேண்டியிருந்தது என்று மேலே நின்றால் ஒரு நிமிடத்தில் புரியும். வடக்கிலிருந்து எந்தப் படகு வந்தாலும் இங்கிருந்து தெரியும்.

காலை ஏழு மணிக்கு ஏறுவது உத்தமம். நடைப்பயிற்சி செய்யும் பெரியவர்கள் இருப்பார்கள், பேச்சுத்துணை கிடைக்கும். மத்தியானத்துக்கு மேல் சீட்டுக் கச்சேரி கூடிவிடும். தனியாக வரும் பெண்கள் காலை நேரத்தையே தேர்ந்தெடுப்பது நல்லது. இருட்டுவதற்குள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும், மேலே விளக்கு வசதியை நம்ப முடியாது. மழைக்காலத்தில் குன்று பச்சையாகி மிக அழகாக இருக்கும், படிகள் பாசியால் வழுக்கும். ரப்பர் செருப்போடு ஏறாதீர்கள்.

காலா கிலாவும் குப்பை மேட்டுக் காடும்

சயானிலிருந்து தாராவிப் பக்கம் வந்தால் ‘காலா கிலா’ என்று பஸ் நிறுத்தத்துக்கே பெயர். கருங்கோட்டை. ரீவா கோட்டை என்றும் சொல்வார்கள். சுவரில் பதித்த கல்வெட்டு, ஆளுநர் ஜான் ஹார்ன் உத்தரவின்படி 1737-இல் கட்டப்பட்டது என்கிறது. அந்த ஆண்டு முக்கியம். 1737-இல்தான் சிமாஜி அப்பா தலைமையில் மராட்டியர் படை சால்செட்டுக்குள் புகுந்து தானேவைப் பிடித்தது. 1739-இல் வசாய் கோட்டையும் விழுந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் போர்த்துகீசியர் போய் மராட்டியர் வந்துவிட்டார்கள் என்ற பயத்தில் கம்பெனி ஓடைக்கு இந்தப் பக்கம் எழுப்பிய சுவர் இது. 1774-இல் சால்செட்டையும் ஆங்கிலேயர் பிடித்தபின் இந்தக் கோட்டைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவை அப்போது கைவிடப்பட்டவை, இன்னும் யாரும் சரியாகக் கையில் எடுக்கவில்லை. காலா கிலாவைச் சுற்றி வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, உள்ளே குப்பை. சுவர் ஏறிக் குதிக்காதீர்கள். வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகர்வதே மரியாதை.

அங்கிருந்து சயான்-பாந்த்ரா இணைப்புச் சாலையில் சற்றுத் தள்ளி மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா. இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம். 37 ஏக்கர். மும்பையின் குப்பையைக் கொட்டிய மேடு இது. 1970-களில் கொட்டுவதை நிறுத்தி, மண் பரப்பி, மரம் நட்டு, 1994-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். காலுக்கடியில் நகரத்தின் பழைய கழிவு கிடக்கிறது என்று சொன்னால் ஒழியத் தெரியாது. நிழல் அடர்ந்த பாதைகள், மழைநீர்க் குளம், பெயர்ப்பலகை மாட்டிய மரங்கள், பட்டாம்பூச்சிகள். பின்புறம் மித்தி ஆற்றங்கரையின் அலையாத்திக் காடு. மழை விட்ட செப்டம்பர், அக்டோபரில் பட்டாம்பூச்சிக்கு நல்ல பருவம். பறவைகளுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. ஆற்றின் வாடை சில நாள் தூக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பிள்ளைகளோடு வருபவர்கள் தாராவி மெட்ரோவில் இறங்கி இங்கே முதலில் வந்து, வெயில் ஏறுமுன் முடித்துக்கொள்ளலாம். பூங்கா நேரத்தை முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள்; பள்ளிக் கூட்டம் வரும் நாட்களில் அமைதி கிடைக்காது.

தாராவியில் நடப்பது எப்படி

தாராவியைச் சுற்றிப் பார்ப்பதா, அது சரியா என்ற கேள்வி நியாயமானது. வறுமையை வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் வராமலிருப்பது நல்லது. ஆனால் ‘ஸ்லம்டாக் மில்லியனேர்’ படத்துக்கு முன்பே, 2000-களின் நடுவிலிருந்து, இங்கே வழிகாட்டியோடு நடைப்பயணங்கள் நடக்கின்றன. அவற்றில் முறையாக நடத்துபவர்கள் படம் எடுக்கவே விடுவதில்லை. அந்த விதியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் துணி துவைக்கிறவரை, குழந்தையைக் குளிப்பாட்டுகிறவரை போனில் பிடிக்காதீர்கள். பட்டறைக்குள் போவதென்றால் கேட்டுவிட்டுப் போங்கள்.

தமிழருக்கு இங்கே ஒரு சலுகை உண்டு: வழி கேட்கலாம். சயான் நிலையத்தின் மேற்குப் பக்கம் இறங்கி 90 அடி ரோட்டில் நடந்தால் கடைப்பலகைகளில் தமிழ் தெரியும், காதில் நெல்லைப் பேச்சு விழும். டீக்கடை அண்ணாச்சியிடம் “கும்பார்வாடா எப்படிப் போகணும்?” என்றால், பதிலுக்கு முன் “நமக்கு எந்தூரு தம்பி?” என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லாமல் வழி கிடைக்காது. கல்லிடைக்குறிச்சி, நாங்குநேரி என்று எதையாவது சொன்னீர்களோ, கூடவே ஒரு டீயும் வரும், காசு வாங்க மாட்டார்.

கும்பார்வாடா குயவர்கள் சௌராஷ்டிரத்திலிருந்து வந்தவர்கள். தென்மும்பையிலிருந்து தள்ளப்பட்டுத் தள்ளப்பட்டு 1930-களில் இங்கே நிலைத்தார்கள். தெருவை ஒட்டிய முற்றத்தில் சூளை, பக்கத்திலேயே வீடு. தீபாவளிக்கு முந்தைய ஒன்றரை மாதம் அகல் விளக்குகள் மலையாகக் குவிந்திருக்கும். வாங்குவதற்கு அதுவே காலம், ஆனால் சூளைப் புகையும் அப்போதுதான் அதிகம். ஆஸ்துமா உள்ளவர்கள் கோடையில் வாருங்கள். விலை கேட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களை அவர்களுக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது.

தோல் பொருள் வாங்க சந்த் ரோஹிதாஸ் மார்க் பக்கத்துக் கடைகள். தோல் பதனிடும் வேலையில் தமிழ்நாட்டிலிருந்து வந்த முஸ்லிம்களுக்கும் ஆதிதிராவிடர்களுக்கும் பெரும்பங்கு இருந்தது. 1971-இல் இறைச்சிக்கூடம் பாந்த்ராவிலிருந்து தேவ்னாருக்கு மாறியபின் பதனிடும் தொழில் மெல்லத் தேய்ந்தது. பை, பெல்ட், ஜாக்கெட் தைக்கும் வேலை நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள், அது ஜோராக நடக்கிறது. பெரிய கடைகளில் பார்க்கும் அதே பை இங்கே பாதி விலைக்குக் கிடைப்பதுண்டு. ‘ஒரிஜினல்’ என்று எழுதியிருப்பதெல்லாம் தோல் ஆகிவிடாது. உள்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், மோந்து பாருங்கள். மாகிம் நிலையத்துப் பக்கம் தேரா காம்பவுண்ட் என்ற 13-ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக்கை வகை பிரித்து, நொறுக்கி, உருக்குகிறார்கள். கேட்டுக் கேட்டு ஆர்வம் வந்திருந்தால் வழிகாட்டியோடு போங்கள். தூசியும் இயந்திரமும் உள்ள இடம், குழந்தைகளுக்கு வேண்டாம்.

தாராவிக்கு வர ஒரே ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தைப்பொங்கல் நாளைச் சொல்வேன். 90 அடி ரோட்டின் ஓரம் நெடுக அடுப்பு மூட்டி வரிசையாகப் பானை வைத்துப் பெண்கள் பொங்கலிடுவார்கள். வீட்டுக்குள் இடமில்லை என்பது காரணமாக இருக்கலாம். ஆனால் ஊர் மொத்தமும் ஒரே தெருவில் பொங்குவதைத் தமிழ்நாட்டிலேயே பார்ப்பது அரிது. விடியுமுன் எழுபவராக இருந்தால் இன்னொரு காட்சியும் உண்டு. சந்துகளில் அவித்த இட்லியை அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, சைக்கிளிலும் தலையிலும் ஏற்றிக்கொண்டு, மும்பை முழுக்க விற்கப் புறப்படும் இட்லிக்காரர்கள்.

இந்தப் பக்கங்கள் சீக்கிரமே பழசாகிவிடக்கூடும். தாராவி மறுகட்டமைப்புத் திட்டத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் பெற்றது. 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. சூளையும் பட்டறையும் எந்த வடிவில் மிஞ்சும் என்று இங்கே இருப்பவர்களே ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

மாட்டுங்கா: நிழலும் சாப்பாடும்

1896-இல் வந்த பிளேக் நோய் பம்பாயை உலுக்கியது. நெருக்கடியைக் குறைக்க 1898-இல் அமைத்த நகர மேம்பாட்டு டிரஸ்ட், வடக்கே காலி நிலத்தில் திட்டமிட்டுத் தெருப்போட்ட பகுதிதான் தாதர்-மாட்டுங்கா. அகலமான சாலை, இருபுறமும் மரம், மூன்று மாடிக்கு மேல் போகாத வீடுகள் என்று அன்றைக்குப் போட்ட கோட்டின் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். மிச்சம் என்கிறேன், ஏனென்றால் தெருவுக்கு ஒரு கோபுரக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. ஐந்து பூங்காக்கள் எனப்படும் ‘ஃபைவ் கார்டன்ஸ்’ பகுதியில், பார்சி காலனியை உருவாக்கிய மஞ்சேர்ஜி ஜோஷியின் பெயரில் இருக்கும் தோட்டங்களைச் சுற்றி மாலையில் ஒரு நடை போடுங்கள். தூங்குமூஞ்சி மரங்கள் சாலைக்கு மேலே கைகோத்து நிற்கும். கிங்ஸ் சர்க்கிள் மேம்பாலத்துக்கு அடியிலும் ஒரு நடைப்பாதைத் தோட்டம் 2016-இல் திறந்தார்கள்; நர்மதை நதி ஓடும் தடத்தை அதில் வரைந்திருக்கிறார்கள். தலைக்கு மேல் லாரி ஓட, கீழே பெரியவர்கள் நிம்மதியாக நடக்கிறார்கள். சர்க்கிளை ஒட்டி நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள்.

நிலையத்தருகே ஆஸ்திக சமாஜம் கோயில். 1923-இல் தொடங்கியது. குருவாயூரப்பன் சந்நிதி இருப்பதால் ‘கொச்சு குருவாயூர்’ என்பார்கள். அருகிலேயே பஜனை சமாஜம், சங்கர மடம். வெளியே பூக்கடைகள், வாழையிலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், மாவிலை. மைசூர் கன்சர்ன்ஸில் காபிக்கொட்டை வறுபடும் மணம் தெருமுனைக்கே வரும். சிக்கரி எத்தனை பங்கு என்று கேட்பார்கள், முன்பே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். மத்திய தடத்து மாட்டுங்கா நிலையத்தை 2017-இல் முழுக்கப் பெண் ஊழியர்களிடம் ஒப்படைத்தார்கள். நாட்டிலேயே அப்படி முதல் நிலையம்.

சாப்பாட்டைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதலாம், இங்கே சுருக்கம் போதும். இலைச் சாப்பாட்டுக்கு நிலையத்தருகே மாடியில் இருக்கும் ராமநாயக் உடுப்பி (1942). டிபனுக்குக் கிங்ஸ் சர்க்கிளில் கஃபே மெட்ராஸ் (1940). ஞாயிறு காலை வரிசையில் முக்கால் மணி நேரம் போய்விடும், ஆகையால் வார நாளில் ஏழரைக்கே போய் உட்காருங்கள். இவை பெரும்பாலும் கன்னடக் கரைச் சமையல், சாம்பாரில் வெல்லம் தெரியும். தமிழ், கேரளக் கைப்பக்குவம் வேண்டுவோர்க்கு மணீஸ் லஞ்ச் ஹோம் (1937) இருக்கிறது. திங்கட்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். அந்த நாளை மாட்டுங்காவுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். மாலையில் சண்முகானந்தா அரங்கில் கச்சேரி இருக்கிறதா என்று பாருங்கள். 1952-இல் தொடங்கிய சபா, 1963-இல் கட்டிய அரங்கு, 1990-இல் தீ விபத்து, 1998-இல் மறுதிறப்பு. 2,700-க்கும் மேற்பட்ட இருக்கைகள். பின்வரிசையிலும் பாட்டு தெளிவாகக் கேட்கும், மலிவான டிக்கெட்டே போதும்.

செவ்ரிப் பூநாரைகள்

கிங்ஸ் சர்க்கிளிலிருந்து ஹார்பர் தடத்தில் தெற்கே இரண்டாவது நிலையம் செவ்ரி. கிழக்கே இறங்கித் துறைமுகக் கிடங்குச் சாலையில் கால் மணி, இருபது நிமிடம் நடந்தால் படகுத்துறை. சேற்றுத்திட்டில் நவம்பர், டிசம்பர் தொடங்கி மே வரை பூநாரைகள் இறங்கும். பெரும்பாலும் சின்னப் பூநாரை; கட்ச் பகுதியிலிருந்து வருபவை. சேற்றில் வளரும் நீலப்பச்சைப் பாசிதான் அவற்றின் தீனி, அதிலிருந்துதான் இறகுக்கு அந்த ரோஜா நிறம்.

இங்கே கடிகாரத்தைவிட ஓதத்தின் நேரம் முக்கியம். நீர் முழுக்க வற்றியிருந்தால் பறவைகள் தொலைவில் புள்ளிகளாகத் தெரியும். முழு ஓதத்தில் திட்டே மூழ்கிவிடும், பறவைகள் பறந்துவிடும். ஓதம் ஏறிக்கொண்டிருக்கும் ஓரிரு மணி நேரத்தில் நீர் அவற்றைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். அன்றைய ஓத அட்டவணையைப் பார்த்து, உச்ச ஓதத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய் நில்லுங்கள். பைனாகுலர் இருந்தால் நல்லது. சேற்றில் இறங்காதீர்கள், இடுப்பு வரை புதையும். 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது பாலம் இந்தத் திட்டின் மேலேயே போவதால் பழைய கூட்டம் இல்லை என்று பறவை பார்ப்பவர்கள் குறைப்படுகிறார்கள். கூட்டத்தை உறுதியாகப் பார்க்க விரும்புவோர் ஐரோலியில் வனத்துறை நடத்தும் கடலோரப் பல்லுயிர் மையத்துக்குப் போய்ப் படகேறலாம். தானே கழிமுகம் 2015-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. படகுக்கு முன்பதிவு அவசியம். செவ்ரி படகுத்துறையருகே 1680-இல் கட்டிய சிறு கோட்டை இருக்கிறது. சயானைவிட நன்றாகப் பராமரிக்கிறார்கள், அரை மணியில் பார்த்துவிடலாம்.

செம்பூர்

1906-இல் குர்லாவிலிருந்து செம்பூருக்கு ரயில் பாதை போட்டது குப்பை ஏற்றிச் செல்வதற்காக. மனிதர்கள் பயணம் செய்யத் தொடங்கியது 1924-இல். பிறகு 1947-க்குப் பின் சிந்தி அகதிகள் முகாம், 1950-களில் மாகுலில் சுத்திகரிப்பு ஆலைகள், டிராம்பேயில் அணுசக்தி நிலையம், அவற்றில் வேலைக்கு வந்த தமிழ், மலையாளக் குடும்பங்கள். டிராம்பே மலையைப் பார்க்கலாம். ஏற அனுமதி கிடையாது, அந்தப் பக்கம் கேமராவை நீட்டவும் வேண்டாம். ராஜ் கபூர் 1948-இல் தொடங்கிய ஆர்.கே. ஸ்டுடியோவைத் தேடி வருகிறவர்கள் இன்னும் உண்டு. 2017-இல் தீப்பிடித்து, பிறகு விற்கப்பட்டு, அந்த இடத்தில் அடுக்குமாடி வந்தாயிற்று.

பார்க்க வேண்டியது செட்டா நகர் முருகன் கோயில். திருச்செம்பூர் முருகன் என்பார்கள். சிறு மேட்டின் மேல் 108 படிகள் ஏறினால் சந்நிதி. 1945-இல் தொடங்கிய சுப்ரமணிய சமாஜம் கட்டியது, 1980-இல் குடமுழுக்கு. ஆடிக் கிருத்திகையிலும் தைப்பூசத்திலும் காவடிகளால் தெரு நிறையும். அந்த நாட்களில் திலக் நகர் நிலையத்தில் இறங்கி நடப்பதே வேகம். மற்ற நாட்களில் மாலை ஆறு மணிக்குப் படியேறி, காற்று வாங்கி, பிறகு சிந்தி கேம்ப்பில் தால் பக்வான் சாப்பிட்டு, டைமண்ட் கார்டனில் ஒரு சுற்று நடந்தால் செம்பூர் முடிந்தது. ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் நிகழ்ச்சி இருந்தால் இரவும் நிறையும். ஆலைக் காற்று செம்பூருக்குப் பழைய தொல்லை, குளிர்காலக் காலைகளில் மூட்டமாகப் படியும். மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் மாலையில் வருவதே மேல்.

மழைக்காலம்

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை வருபவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: இந்த அத்தியாயத்தில் சொன்ன இடங்களில் பாதி பழைய சதுப்பு. கனமழையும் உச்ச ஓதமும் ஒன்றாகச் சேர்ந்தால் தண்ணீர் கடலுக்குப் போகாது. கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட்டும் சயான் தண்டவாளமும் முதலில் மூழ்கும். 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது மித்தி கரைபுரண்டு இந்தப் பகுதியை அடித்துக்கொண்டு போனது. சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில் சொந்தக்காரர் வீட்டிலேயே பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருங்கள். புயல்காற்று வீசும்போது மாட்டுங்கா, செம்பூர் மரங்களுக்கு அடியில் ஒதுங்காதீர்கள், கிளை முறிந்து விழுவது ஆண்டுதோறும் நடக்கிறது. மாநகராட்சியின் பேரிடர் உதவி எண் 1916.

கையில் ஒரே நாள்தான் என்றால் நான் சொல்லும் வரிசை: காலை ஏழுக்குச் சயான் கோட்டை, ஒன்பதுக்கு இயற்கைப் பூங்கா, பதினொன்று வரை 90 அடி ரோடும் கும்பார்வாடாவும், மத்தியானம் ராமநாயக்கில் இலை, ஓதம் ஒத்துவந்தால் மாலை செவ்ரி, வராவிட்டால் ஐந்து பூங்காக்கள். செம்பூரை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்; கோயில் எங்கும் போகாது, தாராவிச் சூளைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.